மாணவர் இணையத்தளமும் கடைவீதிப் புரவலர்களும்

சென்ற தவணையில் ஒரு நாள் பிற்பகல், பத்தாம் வகுப்பு மாணவர் நால்வர் எம்மைத் தேடி வந்தனர். பாடசாலைக்கெனத் தாமே ஓர் இணையத்தளத்தை ஆக்கியிருப்பதாகவும், அதற்கு ஆகும் செலவைக் கொழும்பிலுள்ள பெரிய கம்பனி ஒன்றிடம் நாம் கேட்டுப் பெற்றுத்தர வேண்டும் எனவும் கூறினர்.

"எவ்வளவு தேவை?" என வினவினோம்.

"பெரிய தொகை இல்லை, சேர். ஆனால் வருஷா வருஷம் கட்ட வேண்டும்" என்றான் ஒருவன்.

'வருஷா வருஷம்' என்ற அச்சொல்லே எம்மைச் சிந்திக்க வைத்தது. இணையத்தளத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அதைத் தாங்கி நிற்க சேர்வரில் ஓர் இடமும் வேண்டும். 1990 முதல் இலங்கைக்குரிய இணையப் பெயர்களைப் பதிவு செய்துவரும் நிலையம், பாடசாலைகளுக்கெனத் தனிப் பிரிவொன்றை வைத்திருக்கிறது. 2010 முதல் '.இலங்கை' எனத் தமிழ் எழுத்திலேயே முடியும் பெயரும் நமக்கு உண்டு. எனினும் பெயரோ இடமோ நாம் விலைகொடுத்து வாங்குவனவல்ல, வாடகைக்கு எடுப்பன. தவணை தவறினால் வீடு கைநழுவிப்போகும். இலவசமாக இடந்தருவோரும் இருக்கின்றனர். ஆனால் அங்கும் நாம் ஒண்டுக் குடித்தனக்காரர்தாமே!

முன்னர் நாம் கடமையாற்றிய பாடசாலையொன்றில் இவ்வனுபவம் எமக்கு நேர்ந்தது. ஒரு நிறுவனம் முதலாண்டுச் செலவு முழுவதையும் ஏற்றது. மாலை மரியாதைகளுடன் திறப்பு விழாவும் நடந்தேறியது. மறு ஆண்டில், உதவிய அதிகாரி வேறிடத்துக்கு மாற்றலாகிப் போனார். நாம் எழுதிய கடிதங்களுக்குப் பதிலில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் தளமே காணப்படவில்லை. தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்த பாட்டிமாரிடம் பிள்ளைகள் கேட்டு எழுதிய தோட்டத்துக் கதைகளும் அதனுடன் போயின. பிரதியெடுத்து வைக்காத குற்றம் எம்முடையது. அப்பாட்டிமாரில் இருவர் இன்று உயிருடன் இல்லை.

உலகளாவிய அளவிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 1996 இல் அமெரிக்காவில் தொடங்கிய 'திங்க்குவெஸ்ட்' போட்டிக்காகப் பல நாட்டு மாணவர்கள் ஆயிரக்கணக்கான தளங்களை ஆக்கினர். பின்னர் 'ஆரக்கிள்' நிறுவனத்தின் கல்வி அறக்கட்டளை அதனைப் பொறுப்பேற்று நடத்தியது. 2013 ஆம் ஆண்டு யூலையில் அத்திட்டம் நிறுத்தப்பட்டதும் அத்தளங்களின் களஞ்சியமும் மூடப்பட்டது. புரவலர் ஒருவரே எனில், அவர் கை விலகும் நாளே தளத்துக்கும் கடைசி நாள் அன்றோ?

ஆதலின், "கொழும்பை மறந்துவிடுங்கள், ஹட்டன் கடைவீதிக்குப் போவோம்" என்றோம். மாணவர் முகத்தில் அவ்வளவு உற்சாகம் காணப்படவில்லை. நாம் பழைய ஆண்டு மலர்களை எடுத்துக் காட்டினோம். புடவைக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை, பலசரக்குக் கடை எனப் பக்கந்தோறும் விளம்பரங்கள்! அரைப்பக்கத்துக்கு ஒரு விலை, பின்னட்டைக்கு ஒரு விலை. அம்மலர்களை அச்சிடக் கைகொடுத்தவர்கள் இவ்வணிகர்களே. பெரிய வங்கியொன்றே 1888 இல் இந்நகரில் சிறு அளவில் தோன்றி, இன்றும் 'ஹட்டன்' என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதையும் சொல்லி வைத்தோம்.

எனினும், போகுமுன் காட்டுவதற்குப் பொருள் வேண்டும். அநுராதபுர மாவட்டத்து மகாவிலச்சியவில், நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆசிரியர் 1998 இல் ஆரம்பித்த 'ஹொரைசன் லங்கா'வின் பிள்ளைகள், தம் எழுத்துகளை இணையத்தில் உலகறியச் செய்தனர். வேலையைக் கண்ட பின்னரே உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்து அக்கிராமத்துக்கு உதவிகள் வந்தன.

மாணவர் எழுதிவந்த முதற் கடிதம், "வறிய தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளாகிய நாம் தங்கள் கருணையை வேண்டி" எனத் தொடங்கிற்று. அதனுடன் லயத்து வாசலில் எடுத்த படமும் இருந்தது. அவ்விரண்டையும் நீக்கச் சொன்னோம். தோட்டத் துரைக்கு மனு எழுதிப் பழகிய கை அது. எழுதியவன் பதினைந்து வயதுப் பையனாயினும் பழக்கம் பாட்டன் காலத்தது. புதிய கடிதத்தில் மூன்று விஷயங்களே இருந்தன: தளத்தில் என்ன இருக்கிறது, விளம்பரம் எங்கே இடம்பெறும், ஆண்டுக்கு எவ்வளவு. மதுவுக்கும் சிகரெட்டுக்கும் இடமில்லை எனவும் கீழே குறித்தனர். பணம் அதிபரின் அனுமதியுடன் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கிலேயே சேரும்; மாணவர் கையில் காசு புழங்காது.

சனிக்கிழமை, சம்பள நாள் கூட்டம் சற்றுத் தணிந்த வேளையில் நாமும் உடன் சென்றோம். புடவைக் கடை முதலாளி கடிதத்தை இருமுறை வாசித்தார்.

"மாஸ்டர், அடுத்த வருஷமும் வருவீர்களா?"

"கணக்குடன் வருவோம்" என்றான் எமக்கு முன்பே ஒரு மாணவன்.

அவர் சிரித்துக்கொண்டே இரண்டாண்டுக்கான காசோலையை எழுதினார். அடுத்த இரு கடைகளில் கைவிரித்துவிட்டனர். மருந்துக் கடைக்காரர், "தீபாவளி முடிந்து வாருங்கள்" என்றார். அது தட்டிக்கழிக்கும் பேச்சென்றே நாம் எண்ணினோம். மாணவரோ குறிப்பேட்டை விரித்து, கடையின் பெயருக்கு நேரே அத்திகதியை எழுதிக்கொண்டனர்.