இதய நோயும் விளையாட்டுத் தெரிவும்

இதய நோயுள்ளோரின் விளையாட்டுத் தெரிவு என்பது, பிறவியிலோ பின்னரோ இதயக் குறைபாடு ஏற்பட்ட ஒருவர் எந்த விளையாட்டில், எவ்வளவு கடுமையுடன் ஈடுபடலாம் என்பதைத் தீர்மானிக்கும் முறையாகும். இது விளையாட்டு இதயவியல் என்னும் மருத்துவத் துறையைச் சார்ந்தது. இதய நோய் என்றாலே விளையாட்டைக் கைவிட வேண்டும் என்பதே நெடுங்காலம் வழங்கிய அறிவுரை. உடலுழைப்பின்மையும் இதயத்துக்குக் கேடு என்பதால், விளையாடலாமா கூடாதா என்பதைவிட எதை, எவ்வாறு விளையாடுவது என்பதே இன்று முதன்மைக் கேள்வியாகக் கொள்ளப்படுகிறது.

இருவகைச் சுமை

விளையாட்டு இதயத்தின்மீது ஏற்றும் சுமை இருவகைப்படும். ஓட்டம், நீச்சல் போன்றவற்றில் பெருந்தசைகள் மாறிமாறிச் சுருங்கி விரிகின்றன. தசைகளிலுள்ள குருதிக்குழல்கள் விரிவதால் இதயம் மிகுந்த அளவு குருதியை வெளியேற்ற வேண்டியிருக்கும். அழுத்தமோ ஓரளவே உயரும். இது இயங்கு சுமை எனப்படும். பளு தூக்கல், மற்போர் போன்றவற்றில் தசைகள் இறுகி நின்று குருதிக்குழல்களை நெரிப்பதால் குருதி அழுத்தம் திடீரென உயரும். இது நிலைச் சுமை எனப்படும்.

நிலைச் சுமையின் அளவைப் பலர் உணர்வதில்லை. 1985 இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்கட்டுப் பயிற்சியாளர்கள் இரு கால்களாலும் பெரும்பளுவைத் தள்ளியபோது, தமனிக்குள்ளேயே அளக்கப்பட்ட குருதி அழுத்தம் சராசரியாக 320/250 மில்லிமீட்டர் பாதரசமாக இருந்தது. ஓய்வில் இது ஏறத்தாழ 120/80 ஆகும். மூச்சை அடக்கிப் பளுவைத் தூக்குவதும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணம்.

வகைப்பாடு

அமெரிக்க இதயவியலாளர் ஜெர் மிட்செல் முதலானோர் இவ்விரு சுமைகளையும் குறைவு, நடுத்தரம், மிகுதி எனப் பிரித்து, விளையாட்டுகளை ஒன்பது கட்டங்களில் அடக்கினர். 2005, 2015 ஆம் ஆண்டுகளின் அமெரிக்கப் பரிந்துரைகளில் இது இடம்பெற்றது. இதில் கோல்ஃப், துப்பாக்கி சுடுதல், கிரிக்கெட் ஆகியவை இரு சுமைகளும் குறைந்த கட்டத்தில் உள்ளன. மேசைப்பந்தும் கைப்பந்தும் நடுத்தர இயங்கு சுமை கொண்டவை. பளு தூக்கல், சீருடற்பயிற்சி ஆகியவை நிலைச் சுமை மிக்கவை. இரு சுமைகளும் மிகுந்த கட்டத்தில் குத்துச்சண்டை, துடுப்புப் படகோட்டம், மிதிவண்டிப் பந்தயம் ஆகியன உள்ளன.

மாலையில் உடலுக்கு இதமாக ஆடப்படுவதாகக் கருதப்படும் இறகுப்பந்து, காற்பந்தும் நெடுந்தொலைவு ஓட்டமும் உள்ள கட்டத்திலேயே வைக்கப்பட்டிருப்பது பலருக்கு வியப்பளிக்கலாம். மறுபுறம், கிரிக்கெட்டைக் கோல்ஃப் விளையாட்டுடன் சேர்த்திருப்பது வேகப்பந்து வீச்சாளருக்குப் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. கபடி இவ்வட்டவணையில் இல்லை. மூச்சுக் கட்டுப்பாடு, இழுபறி, மோதல் மூன்றும் சேர்ந்தது என்பதால் அதை எளிய விளையாட்டாகக் கொள்ள இயலாது. மேலும், ஒரே விளையாட்டும் நட்பு முறையில் ஆடும்போது ஒரு சுமையையும், வெற்றிக்காக ஆடும்போது வேறொரு சுமையையும் தரும்.

நோய்க்கேற்ற தெரிவு

நோய் எதுவென்று அறியாமல் விளையாட்டைத் தெரிவது பொருளற்றது. மார்ஃபான் நோயில் பெருந்தமனியின் சுவர் வலுவிழந்திருப்பதால் அழுத்த உயர்வே முதல் எதிரி. உயரமும் நீண்ட கைகளும் இந்நோயின் அறிகுறிகளாக இருக்க, அவையே சில விளையாட்டுகளில் தகுதியாகிவிடுவதும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கைப்பந்து வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986 இல் சப்பானில் நடந்த போட்டியொன்றின்போது பெருந்தமனி கிழிந்து இறந்தார். அவருக்கு இந்நோய் இருந்தது பின்னரே தெரிந்தது.

நீண்ட கியூடி எனப்படும் மின்துடிப்புக் கோளாற்றின் முதல் வகையில் நீச்சல் ஒரு தனித்த தூண்டுதலாகும். பொதுவாக மயங்கி விழ வாய்ப்புள்ள எவருக்கும் நீச்சல், மலையேற்றம், வாகனப் பந்தயம் ஆகியவை ஏற்றவையல்ல. அவற்றில் ஒரு நொடி நினைவிழப்பே உயிரைப் பறிக்கக்கூடும்.

இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் சிறுவயதில் வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்றோர் பலர். செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டோர் குருதி உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்கின்றனர். இவர்களுக்கு இதயத்தின் ஆற்றலைவிட மோதலே சிக்கல். தலையில் படும் ஓர் அடி மூளைக்குள் குருதிக்கசிவை ஏற்படுத்தலாம். எனவே கபடி, மற்போர், குத்துச்சண்டை ஆகியவற்றைத் தவிர்த்து நடை, மேசைப்பந்து போன்றவற்றைத் தெரிவது பொருத்தமானது.

மாரடைப்பிலிருந்து மீண்டோர், இதயமின்துடிப்பு வரைவுடன் ஓடுபொறியில் சோதனை செய்துகொண்ட பின்னரே விளையாடத் தொடங்க வேண்டும். குருதியோட்டக் குறை தோன்றும் துடிப்பளவுக்குக் குறைந்தது 10 துடிப்புகள் கீழே பயிற்சி அமைவது வழக்கம். திடீரென ஓடி நிற்கும் ஆட்டங்களில் இவ்வெல்லையைக் காப்பது கடினம்.

இதயத்தசைத் தடிப்பு நோயில் கருத்து பெரிதும் மாறியுள்ளது. கமரூன் காற்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ 2003 இல் பிரான்சின் லியோன் நகரில் ஆட்டக்களத்திலேயே சரிந்து இறந்ததற்கு இந்நோயே காரணம். இத்தகைய இறப்புகளால் கடும் விளையாட்டுகள் முற்றாகத் தடுக்கப்பட்டிருந்தன. 2023 இல் வெளியான, 1,660 பேரைக் கொண்ட ஆய்வில், கடும் உடற்பயிற்சி செய்தோருக்கும் மிதமாகச் செய்தோருக்கும் இடையே ஆபத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆய்வில் இருந்தோர் பெரும்பாலும் முறையான சிகிச்சையில் இருந்தவர்கள் என்பதை மறத்தலாகாது.

மருந்துகளால் எழும் சிக்கல்

பீட்டா தடுப்பு மருந்துகள் இதயத்துடிப்பை மட்டுப்படுத்துவதால், இவற்றை உட்கொள்வோர் வயதைக் கொண்டு கணிக்கப்படும் நாடித்துடிப்பு இலக்கை நம்பலாகாது. ஆடும்போது தொடர்ந்து பேச முடிகிறதா என்று பார்ப்பது எளிய அளவுகோல். பேச முடிந்தும் பாட முடியாத நிலை ஏறத்தாழ நடுத்தரக் கடுமையைக் குறிக்கும்.

இம்மருந்துகள் கை நடுக்கத்தையும் குறைப்பதால் வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் போட்டிகளில் தடைசெய்யப்பட்டுள்ளன. இதயத்துக்குச் சுமை குறைந்தது என்று இவற்றைத் தெரிந்தெடுத்த நோயாளியும், தடை விதிகளுக்குட்பட்ட போட்டியில் கலந்துகொள்ள மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

கருவி பதித்துக்கொண்டோர்

டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 சூன் 12 அன்று கோபனேகனில் பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் இதயம் நின்று வீழ்ந்தார். களத்திலேயே மார்பழுத்தமும் மின்னதிர்ச்சியும் கொடுக்கப்பட்டு மீட்கப்பட்டார். பின்னர், ஆபத்தான துடிப்பை உணர்ந்து தானே அதிர்ச்சி கொடுக்கும் கருவி அவர் உடலில் பதிக்கப்பட்டது. இத்தாலியில் அக்கருவியுடன் தொழில்முறைக் காற்பந்து ஆட அனுமதி இல்லாததால் இன்டர் மிலான் அணியுடனான ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. 2022 இல் இங்கிலாந்தின் பிரென்ட்போர்ட் அணிக்காக ஆடினார். ஓரிடத்தில் தகுதியற்றதான அதே இதயம் மற்றோரிடத்தில் தகுதி பெற்றது.

இத்தாலியின் கண்டிப்பு காரணமற்றதன்று. அங்கு 1982 முதல் போட்டியாளர்களுக்கு இதயமின்துடிப்பு வரைவுடன் கூடிய சோதனை கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதய இறப்பு ஆண்டுக்கு 100,000 பேருக்கு 3.6 இலிருந்து 0.4 ஆகக் குறைந்தது. மறுபுறம், கருவியுடன் விளையாடிய 372 பேரைப் பற்றி 2013 இல் வெளியான பதிவாய்வில், சிலருக்கு ஆட்டத்தின்போது அதிர்ச்சி கிடைத்தபோதும், ஆடும்போது அதனால் இறப்போ காயமோ நேரவில்லை. தற்போதைய ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டல்கள், ஆபத்தை விளக்கியபின் மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுப்பதை ஆதரிக்கின்றன.

களத்தில் கவனிக்க வேண்டியவை

ஆட்டத்தின்போது மார்பு வலி, மயக்கம், ஒழுங்கற்ற படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்த வேண்டும். காய்ச்சல் உள்ள நாட்களில் விளையாடுதல் கூடாது. சிறுநீர்ப்பெருக்கி மருந்து உட்கொள்வோர் கோடை வெயிலில் ஆடுவதைத் தவிர்த்தல் நன்று. தனியே ஆடுவதைவிட, நோயைப் பற்றி அறிந்த ஒருவரேனும் உடனிருப்பது பாதுகாப்பானது. அவருக்கு மார்பழுத்த முதலுதவியும், மைதானத்தில் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி எங்குள்ளது என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். இதயம் நின்றபின் மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.