உங்களுக்குத் தெரியுமா? மலையின் பெயரே பிள்ளையின் பெயர்

கொங்கு நாட்டில் முருகன் குடியிருக்கும் மலைகளின் பெயரைப் பிள்ளைகளுக்கும் வைப்பார்கள். மருதமலையைக் கும்பிடும் வீட்டில் மருதாசலம். சென்னிமலைப் பக்கம் சென்னியப்பன். பழனிக்கு நடந்துபோகும் குடும்பத்தில் பழனிச்சாமி. பெண்பிள்ளை என்றால் ‘ஆத்தாள்’ சேரும்: மருதாத்தாள், பழனாத்தாள், வள்ளியாத்தாள். பெற்ற தாயை ‘ஆத்தா’ என்று கூப்பிடும் மண்ணுக்கே உரிய அழகு இது. இளையவர்களிடையே இந்தப் பெயர்கள் அருகி வருவது பெரிய இழப்பு.

இங்கே குடும்பப் பெயரின் வேலையைச் செய்வது இனிஷியல்தான். 1903-இல் பிறந்து, பின்னாளில் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரான தி.சு. அவினாசிலிங்கத்தைப் பாருங்கள்: ‘தி’ பிறந்த ஊரான திருப்பூர், ‘சு’ தந்தை சுப்பிரமணியம். சொந்தப் பெயரோ அவினாசிக் கோயிலில் வீற்றிருக்கும் அவினாசிலிங்கேசுவரருடையது.