உங்களுக்குத் தெரியுமா? தலைக்கு மேல் 10 கிலோ காய்!

ஜனவரி பிறந்தால் போதும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சில பூங்காக்களில் குறிப்பிட்ட மரங்களைச் சுற்றித் தடுப்பு கட்டி எச்சரிக்கைப் பலகை வைத்துவிடுவார்கள். காரணம், அழகுக்காக நட்ட பன்யா மரம். 30 முதல் 45 மீட்டர் உயரம், எப்போதும் பச்சை, தொட்டால் குத்தும் இலை. அந்நாட்டுக் கோடையான அம்மாதங்களில் உச்சியிலிருந்து விழும் கூம்புக்காய் 10 கிலோ வரை இருக்கும். அடியில் காரை நிறுத்தினால் அவ்வளவுதான்!

காய்க்குள் 50 முதல் 100 விதைகள். வேகவைத்தோ சுட்டோ தின்னலாம். மாவாக்கி ரொட்டியும் சுடலாம். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காய்த்துக் குலுங்கும்போது, முற்காலத்தில் பழங்குடி மக்கள் வெகுதூரம் நடந்து பன்யா மலையில் கூடுவார்கள். விருந்து, பண்டமாற்று, கல்யாணப் பேச்சு, வழக்குத் தீர்ப்பு எல்லாம் அங்கேதான். 1842-இல் ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸ், இம்மரக் காடுகளில் குடியேறவும் மரம் வெட்டவும் தடை போட்டார். நல்ல ஆணை, ஆனால் நீடிக்கவில்லை. 1860-இல் தடை நீங்கியது, கோடரிகள் நுழைந்தன.

முளைக்கும் விதம்தான் விசித்திரம். விதையை ஊன்றினால் மேலே ஒன்றும் தெரியாது. நம் பனங்கொட்டையைப் போலவே, முளை முதலில் கீழ்நோக்கி இறங்கிக் கிழங்கு கட்டும். விதையிலிருந்த சத்தெல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

குருத்து வெளியே வர மாதக்கணக்கில் ஆகும்; சிலவற்றுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஒரே நாளில் விதைத்தவைகூட ஒன்றாக முளைப்பதில்லை. அவசரக்காரர்கள் ‘விதை சொத்தை’ என்று தொட்டியைக் கவிழ்த்தால், உள்ளே கிழங்கு பத்திரமாக இருக்கும்.