நெஞ்சுயரத்தில் ஒரு டேப்

நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் ஓக் மரம். அதன் நிழலில் அவரையும் கத்திரியும் காய்க்க மாட்டேன் என்கின்றன. டேப்பை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போன அன்றுதான் உடன்குடியிலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"ஏலே, நம்ம வரப்புல நிக்கிற மூணு பனைய வெட்ட கலெக்டர்ட்ட கேக்கணுமாம்ல. பட்டா நம்ம பேர்லதான இருக்கு?"

"இங்கயும் அதே கததாண்ணே. பத்திரம் என் பேர்ல. மரத்துக்கு முனிசிபாலிட்டிய கேக்கணும்."

2024 மே 1-க்குள் நகராட்சிகள் மரம் அகற்றுவதற்கு விதி போட வேண்டும் என்றது நியூ ஜெர்சி. மழைநீர் வடிகால் உரிமத்தோடு வந்த நிபந்தனை அது. பெய்யும் மழையை வேர் பிடித்து வைத்தால் சாக்கடைக்குச் சுமை குறையுமே! மாநிலம் தந்த மாதிரி விதி மரத்தின் பெயரைக் கேட்பதில்லை, பருமனைக் கேட்கிறது. தரையிலிருந்து நாலரை அடியில், அதாவது நெஞ்சுயரத்தில், விட்டம் 6 அங்குலம் இருந்தால் விண்ணப்பம் போட வேண்டும். என் ஓக்கின் சுற்றளவு 50 அங்குலம், 3.14-ஆல் வகுத்தால் விட்டம் ஏறக்குறைய 16. அட்டவணைப்படி ஈடு இரண்டு கன்றுகள். ஓரிரு மரம் வெட்டும் வீட்டுக்காரருக்கு அதில் சலுகை உண்டு. பழத்தோட்டத்துக்கும் நாற்றுப் பண்ணைக்கும் ஒப்புதல் பெற்ற திட்டப்படி பராமரிக்கும் தோப்புக்கும் விலக்கு.

ஊரில் கேட்பது வேறு: என்ன மரம், எங்கே நிற்கிறது? சமவெளியில் சவுக்கு போட்டவர் அறுவடைபோல வெட்டி விற்கிறார். நீலகிரி, கொடைக்கானல் என்றால் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். சந்தனம் சொந்த நிலத்தில் முளைத்தாலும் ஒரு காலத்தில் அரசுச் சொத்து. இப்போது நிலத்துக்காரருக்குச் சொந்தம்தான். ஆனாலும் வனத்துறை வழியாகத்தான் வெட்டி விற்க முடியும். செங்கல் சூளைகளுக்கு விறகாகிக்கொண்டிருந்த பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 ஆகஸ்டில், தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில், அறிவித்தார்கள்.

காவல் கூடினால் நடுகிறவன் பயப்படுவான் என்பதும் உண்மை. வெட்ட முடியாத மரத்தை எவன் வைப்பான்? அதனால்தான் மத்திய அரசு 2025 ஜூனில் விவசாய நிலத்து மரங்களுக்கு மாதிரி விதிகள் வெளியிட்டது. தோட்டத்தை முதலிலேயே இணையத்தில் பதிந்து வைத்தால், பிற்பாடு வெட்ட அனுமதி எளிது. அதை ஏற்று நடத்த வேண்டியவை மாநிலங்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னான்: "ஒண்ணு வெட்டினா ரெண்டு வைக்கணுமா? பனைக்கு அப்படிச் சொன்னா, நான் இன்னைக்கு வெதைச்சதுல எம் பேரன்தாம்ல பதனி குடிப்பான்."

அவன் மனு எழுதவில்லை. நான் டேப்பைச் சுருட்டிவிட்டு அவரைப் பந்தலை வெயில் பக்கம் மாற்றினேன்.