கசிந்த தண்ணீர் எங்கே போகிறது?



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஊருக்குப் போனால், "படிச்ச பிள்ளை என்ன சொல்லுது?" என்று எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். அப்படிக் கேட்ட ஒரு கேள்விக்குத் தப்பான பதில் சொன்ன கதை இது.

எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம். கரிசல் புஞ்சையில் வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கம்பு, உளுந்து, மிளகாய் போடுகிறோம். வைப்பாற்று ஓரம் மணல் பாங்கான இடத்தில் மட்டும் சிறு தோட்டமும் ஒரு கிணறும் உண்டு. அதை ஒட்டித்தான் கண்மாய்க்கு வரத்துக்கால் போகிறது. அதற்குச் சிமெண்டுத் தளம் போடலாமா என்று போன வருடம் ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் எழுந்து, "மண் வாய்க்காலில் தண்ணீர் கசிந்து வீணாகிறது, தளம் போட்டால் மிச்சமாகும்" என்று பாடத்தை ஒப்பித்தேன். கைதட்டினார்கள். தளமும் வந்தது.

கண்மாய்க்குத் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. மழையும் குறையவில்லை. ஆனால் கோடையில் எங்கள் கிணறும் பக்கத்துக் கிணறுகளும் முன்னைவிடச் சீக்கிரம் வற்றிவிட்டன. தாத்தா சொன்னார்: "ஏய்யா, அந்த ஓட்டக் காலுதான நம்ம கெணத்துக்குக் கஞ்சி ஊத்துச்சு!"

சூத்திரம் சொல்லாதது

பயிர் எடுத்த நீரை, திறந்துவிட்ட நீரால் வகுத்தால் பாசனத் திறன். 100 பங்கு திறந்து பயிருக்கு 60 போனால் திறன் 60 சதவீதம். மீதி 40 'நஷ்டம்' என்கிறது புத்தகம். அந்த 40 கீழே உள்ள வயலுக்குக் கிடைத்தால்? அங்கே பயிருக்கு 24 போகும், 16 மிஞ்சும். மூன்றாவது வயலில் 9.6 போகும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு வயலும் 60 தான். மூன்றையும் கூட்டினால் 93.6! வழியில் ஆவியாவதைக் கழித்துப் பார்த்தாலும், வயலின் திறன் வேறு, ஆற்றுப்படுகையின் திறன் வேறு என்பது விளங்கும்.

நம் தாமிரபரணியே இதற்குச் சாட்சி. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். மேலே பாய்ந்த வயல்களின் வடிகாலும் குளங்களின் மறுகாலும் ஆற்றில் இறங்கி, கீழ் அணைக்கட்டில் மறுபடி வாய்க்கால் ஏறுகின்றன. நம் பக்கத்துக் கண்மாய்களும் அப்படித்தான். மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. எகிப்திலும் நைல் வடிகால் நீரைப் பம்பு வைத்து ஏற்றித் திரும்பப் பாய்ச்சுகிறார்கள்.

அப்படியானால் மிச்சம் பிடிக்கவே கூடாதா?

அப்படி இல்லை. திரும்பி வராத நஷ்டமும் உண்டு. அகலமாய், ஆழமில்லாமல் தூர்ந்துபோன கண்மாயில் வெயில் குடிப்பது திரும்பாது. சீமைக்கருவேல மரம் உறிஞ்சுவதும் திரும்பாது. வைப்பாறு கடலில் சேரும் பக்கத்தில் உப்பு நிலத்தடி நீரில் கலந்ததும் போனது போனதுதான். அங்கெல்லாம் மிச்சம் பிடித்தால் அது நிஜமான மிச்சம். மறுபடி மறுபடி பாயும் தண்ணீர் உப்பையும் உர மிச்சத்தையும் சேர்த்துக்கொண்டே இறங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

சொட்டுநீரும் அப்படியே. மோட்டார் ஓடும் நேரம் குறையும், களை குறையும், நல்லதுதான். ஆனால் மிஞ்சிய தண்ணீரை வைத்து இன்னும் ஒரு ஏக்கர் கூட்டிப் பயிரிட்டால், கீழே இருப்பவர் கிணற்றுக்கு வர வேண்டியதுதான் குறையும்.

எங்கள் ஊரில் நடந்ததும் அதுதான். நான் மிச்சம் என்று சொன்னது மிச்சமே இல்லை. கிணறுகளின் பங்கு கண்மாய்க்கு மாறியது, அவ்வளவுதான். கண்மாய்ப் பாசனக்காரர்களுக்கு அதில் சந்தோஷம். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் யார் பங்கு யாருக்குப் போகிறது என்று கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மணல் பாங்கான இடத்தில் மட்டும் தளத்தின் அடியைத் திறந்துவிடலாம் என்று இப்போது ஊரில் பேசி வருகிறேன். இந்தத் தடவை இரண்டு பக்கத்துக்காரர்களையும் உட்கார வைத்துத்தான்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் ஓவர்சியர்களாக வாய்க்கால் ஓரம் நிற்கப் போகிறோம். எஸ்டிமேட் போடும் முன்னால் மூன்று கேள்வி கேட்போம். கசியும் தண்ணீர் எங்கே போகிறது? அதை யார் எடுக்கிறார்கள்? நிறுத்தினால் யார் கிணறு வற்றும்? பதில் புத்தகத்தில் இருக்காது. ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை