ரயில் பாதையோர வேலியும் அத்துமீறலும்

ரயில் பாதையோர வேலி என்பது, தண்டவாளம் செல்லும் நிலத்தை அதன் இருபுறமும் உள்ள நிலத்திலிருந்து பிரித்து வைக்கும் தடுப்பு ஆகும். கம்பிவேலி, இரும்புச் சட்டவேலி, கான்கிரீட் சுவர், செடிவேலி எனப் பல வடிவங்களில் இது அமைக்கப்படுகிறது. அனுமதியின்றித் தண்டவாளப் பகுதிக்குள் நுழைவது அத்துமீறல் எனப்படும். ரயில்மீது கல்லெறிவது, சிக்னல் கருவிகளை உடைப்பது, கம்பிவடங்களைத் திருடுவது, பெட்டிகளில் கிறுக்குவது போன்றவை சேதப்படுத்தும் செயல்களாகக் கருதப்படுகின்றன. இவ்விரண்டையும் வேலி தடுக்குமா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. அத்துமீறலை வேலி பெருமளவு குறைக்கிறது. ஆனால் அருகில் பாதுகாப்பான மாற்றுவழி இருக்க வேண்டும். வேலியும் பழுதின்றி இருக்க வேண்டும். சேதப்படுத்தும் செயல்களைத் தடுப்பதில் அதன் பயன் இன்னும் குறைவு.

வேலியின் தொடக்கம்

ரயில் பாதைக்கு வேலியிடும் வழக்கம் பிரிட்டனில் சட்டக் கடமையாக உருப்பெற்றது. 1842, 1845 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட ரயில்வே சட்டங்கள் பாதையோரம் வேலி அமைப்பதை ரயில் நிறுவனங்களின் பொறுப்பாக்கின. அன்றைய நோக்கம் இன்றைய நோக்கத்திலிருந்து வேறுபட்டது. பாதையை ஒட்டிய நில உடைமையாளர்களின் நிலத்துக்குள் பிறர் நுழையாமலும், அவர்களுடைய கால்நடைகள் தண்டவாளத்துக்கு வழிதவறிச் செல்லாமலும் காப்பதே 1845ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருத்து. மனிதர்களைத் தண்டவாளத்திலிருந்து விலக்கிக் காப்பது என்ற எண்ணம் பின்னர்தான் வலுப்பெற்றது.

இந்தியாவில் பாதைகள் ஊர்கள், வயல்கள், சந்தைகள் வழியாக நெடுந்தொலைவு போடப்பட்டன. முழுநீள வேலி இங்கு வழக்கமாகவில்லை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், எல்லைக் குறிகளோ வேலியோ அமைக்குமாறு ரயில் நிர்வாகத்துக்கு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. எல்லாப் பாதைகளுக்கும் தொடர்வேலி வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. பாதைக்குள் அத்துமீறி நுழைவது அச்சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இந்தியாவில் சிக்கலின் அளவு

ரயில்வே பாதுகாப்பை ஆராய 2011இல் அணு அறிவியலாளர் அனில் ககோட்கர் தலைமையில் உயர்நிலைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2012 பிப்ரவரியில் அது அறிக்கை அளித்தது. அத்துமீறலால் ஆண்டுதோறும் சுமார் 15,000 பேர் இறப்பதாகவும், அவர்களில் சுமார் 6,000 பேர் மும்பை புறநகர் ரயில் பாதைகளில் மட்டும் இறப்பதாகவும் அக்குழு கூறியது. நாகரிகச் சமுதாயம் எதுவும் இதை ஏற்க முடியாது என்பது அதன் கருத்து. ரயில்கள் மோதுவதாலும் தடம் புரள்வதாலும் ஏற்படும் இறப்புகளைவிட இது பன்மடங்கு அதிகம். இருந்தும், அத்துமீறியவர் இறப்பது ரயில் விபத்துக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. ஒரே நாளில் நூறு பேர் இறக்கும் விபத்து நாட்டையே உலுக்குகிறது. நாளுக்கு ஒருவராக ஒரே இடத்தில் நிகழும் இறப்பு உள்ளூர்ச் செய்தியாக முடிந்துவிடுகிறது.

எல்லா அத்துமீறலும் கடப்பதற்காக நிகழ்வதில்லை. 2018 அக்டோபர் 19 அன்று அமிர்தசரஸில், தசரா விழாவில் இராவணன் உருவம் எரிக்கப்படுவதைத் தண்டவாளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தின் மீது ரயில் மோதி ஏறத்தாழ 60 பேர் உயிரிழந்தனர். நடைபாதையாக, விளையாட்டுத் திடலாக, திறந்தவெளிக் கழிப்பிடமாக, செல்ஃபி எடுக்கும் இடமாகவும் தண்டவாளம் பயன்படுத்தப்படுகிறது.

மக்கள் ஏன் கடக்கிறார்கள்?

சட்டத்தை மதிக்காததே காரணம் என்று கூறுவது எளிது. ஆனால் கடக்கும் இடங்களைக் கவனித்தால் வேறொரு காரணம் தெரியும். வீட்டுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும், குடியிருப்புக்கும் பள்ளிக்கும், ஊருக்கும் வயலுக்கும் இடையே பாதை குறுக்கிடும் இடங்களிலேயே ஒற்றையடித் தடம் விழுந்திருக்கும். இரட்டைத் தண்டவாளத்தை ஜல்லியில் நடந்து கடக்கப் பத்து விநாடி போதும். நடைமேம்பாலம் 300 மீட்டர் தள்ளி இருந்தால், போக 300 மீட்டர், வர 300 மீட்டர், நடுவே ஏறி இறங்கப் படிக்கட்டு என்று பத்து நிமிடம்வரை ஆகிவிடும். தலைச்சுமையோடு வருபவரும் முழங்கால் வலியுள்ள முதியவரும் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது வெளிப்படை.

ஆபத்தைக் கணிப்பதிலும் மனிதக் கண் தவறுகிறது. பெரிய பொருள்கள் உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதுபோல் தோன்றும் என்று காட்சி உளவியல் கூறுகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் நகர்கிறது. 300 மீட்டர் தொலைவில் தெரியும் ரயில் 11 விநாடிக்குள் வந்துவிடும். ஓட்டுநர் ஆளைக் கண்டதும் அவசரகால பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கப் பல நூறு மீட்டர் தேவை. மேலும், அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1,676 மி.மீ.; பெட்டியின் அகலமோ 3 மீட்டருக்கும் அதிகம். எனவே தண்டவாளத்துக்கு வெளியே ஒதுங்கி நின்றவரையும் வண்டி அடித்துவிடும். ஒரு ரயில் போனதும் கடக்கத் தொடங்குபவர், அதன் இரைச்சலில் அடுத்த பாதையில் எதிர்த்திசையிலிருந்து வரும் ரயிலைக் கவனிக்கத் தவறுவதும் உண்டு.

வேலி எவ்வளவு தடுக்கிறது?

இதை நேரடியாக அளந்த ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது பின்லாந்தில் நடந்தது. ஆய்வாளர்கள் ஆன்னே சில்லா, யூஹா லுவோமா ஆகியோர் 2011இல் அதை வெளியிட்டனர். மக்கள் வழக்கமாக அத்துமீறிக் கடக்கும் இடங்களில் வேலி, நில அமைப்பை மாற்றி நடப்பதைக் கடினமாக்குதல், தடை அறிவிப்புப் பலகை ஆகிய மூன்று முறைகள் சோதிக்கப்பட்டன. முறையை அமைப்பதற்கு முன்னும் பின்னும் கடந்தவர்களின் எண்ணிக்கை ஒப்பிடப்பட்டது.

வேலி அமைத்த இடத்தில் அத்துமீறல் 94.6 விழுக்காடு குறைந்தது. நில அமைப்பு மாற்றம் 91.3 விழுக்காடு குறைத்தது. அறிவிப்புப் பலகையால் 30.7 விழுக்காடு மட்டுமே குறைந்தது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. முதலாவது, கடப்பதைச் சற்றே கடினமாக்கினால் பெரும்பாலோர் விலகிச் செல்கிறார்கள். அத்துமீறுபவர்களில் பலர் பிடிவாதக்காரர்கள் அல்லர். அவர்கள் எளிய வழியைத் தேடுபவர்கள். இரண்டாவது, எச்சரிக்கைச் சொல்லைவிட உடலைத் தடுக்கும் தடை பன்மடங்கு வலிமையானது. பள்ளமோ மேடோ ஏறத்தாழ வேலிக்கு நிகரான பயன் தந்ததால், எல்லா இடத்திலும் விலையுயர்ந்த வேலிதான் வேண்டும் என்பதும் இல்லை.

வேலி தோற்கும் இடங்கள்

பின்லாந்தின் விழுக்காட்டை மும்பைக்கோ சென்னைக்கோ அப்படியே பொருத்த முடியாது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடக்கும் இடத்தில் வெறும் வேலி போட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும்: வேலியில் ஓட்டை விழும், கம்பி பழைய இரும்புக்குப் போகும், அல்லது கடப்பவர்கள் வேலி முடியும் இடத்துக்கு நகர்வார்கள். கடைசியாகக் கூறியது கணக்கில் எளிதில் தெரியாது. வேலியிட்ட 200 மீட்டரில் இறப்பு குறைந்திருக்கும். அடுத்த 200 மீட்டரில் கூடியிருக்கும்.

வேலி யாருக்காக அமைக்கப்படுகிறது என்பதும் முக்கியம். 2022 அக்டோபரில் மும்பை–காந்திநகர் வந்தே பாரத் ரயில் எருமைகள்மீது மோதியதை அடுத்து, மும்பை–அகமதாபாத் இடையே சுமார் 620 கி.மீ. நீளத்துக்கு உலோகத் தடுப்பு அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் காணப்படும் வளைத்தகடு போன்ற இத்தடுப்பு கால்நடைகளை நிறுத்த ஏற்றது. குனிந்தோ ஏறியோ செல்லத் துணிந்த மனிதரை நிறுத்த அது மட்டும் போதாது.

தடுப்பே ஆபத்தாவதும் உண்டு. 2018 ஜூலையில் சென்னை பரங்கிமலை நிலையத்தில், படிக்கட்டில் தொங்கியபடி பயணம் செய்தவர்கள் நடைமேடையை ஒட்டிய கான்கிரீட் தடுப்புச் சுவரில் மோதிக் குறைந்தது நான்கு பேர் இறந்தனர். பாதைக்கும் தடுப்புக்கும் உள்ள இடைவெளியைத் திட்டமிடும்போது, வண்டியின் அளவை மட்டுமன்றிப் பயணிகள் உண்மையில் எப்படிப் பயணிக்கிறார்கள் என்பதையும் கருத வேண்டியிருக்கிறது.

சேதப்படுத்துவோரும் வேலியும்

சேதப்படுத்துபவர்களை இருவகையாகப் பிரிக்கலாம். பொழுதுபோகாமல் பாதையோரம் திரியும் சிறுவர்கள் முதல் வகை. தண்டவாளத்தில் கல் வைப்பது, ஓடும் வண்டியைக் குறிபார்த்து எறிவது ஆகியவற்றில் இவர்களே பெரும்பாலும் ஈடுபடுகிறார்கள். இவர்களைப் பாதைக்கு உள்ளே வரவிடாமல் வேலி தடுக்கும். பாதையில் கொட்டிக்கிடக்கும் ஜல்லிக்கல்லும் எளிதில் கைக்கு எட்டாமல் போகும். ஆனால் வேலிக்கு வெளியே நின்று எறியும் கல்லை அது தடுக்காது. மேம்பாலத்திலிருந்து எறிவதைத் தடுக்கப் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேல் வலை அமைப்பதே பயனளிக்கும்.

திட்டமிட்டு வருபவர்கள் இரண்டாம் வகை. செம்புக் கம்பி திருடுபவரும், நிறுத்திய பெட்டிகளில் ஓவியம் தீட்ட இரவில் வருபவரும் கம்பி வெட்டும் கருவியுடன் வருவார்கள். வேலி இவர்களைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அந்தத் தாமதத்துக்குள் கண்டுபிடிக்கக் கேமராவும் ரோந்தும் இருந்தால்தான் அதற்குப் பயன் உண்டு.

ரயில் பயணிகளைக் காயப்படுத்தும் நோக்கில் கல்லெறிவதற்கு, ரயில்வே சட்டம் 152ஆம் பிரிவின்கீழ் ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமுண்டு. ஆனால் கல்லெறியும் சிறுவனுக்கு அந்தப் பிரிவு தெரியாது. பாதையோரப் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் ரயில்வே பாதுகாப்புப் படை நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாகும்.

பராமரிப்பும் பொறுப்பும்

வேலி போடுவது ஒருமுறைச் செலவு. அதைக் காப்பது தொடர்ச் செலவு. பெரும்பாலும் மறக்கப்படுவது இதுவே. இங்கிலாந்தின் ஹெரிங்டன் வழக்கு இதற்குச் சான்று. 1965இல் லண்டனை ஒட்டிய மிச்சம் பகுதியில், மிதிபட்டுத் தாழ்ந்து கிடந்த வேலி வழியாக ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் நுழைந்து, மின்சாரம் பாயும் தண்டவாளத்தைத் தொட்டுக் கடுமையான தீக்காயம் அடைந்தான். அப்பகுதியில் சிறுவர்கள் பாதைக்குள் வருவது ரயில்வே ஊழியருக்கு முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது, வேலி சரிசெய்யப்படவில்லை. அத்துமீறியவனுக்கு எந்தக் கடமையும் இல்லை என்ற பழைய கோட்பாட்டை விலக்கி, ரயில்வே வாரியமே பொறுப்பு என்று 1972இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உடைந்த வேலியைத் தெரிந்தும் விட்டுவைப்பது தவறு என்ற கருத்து இவ்வழக்கால் வலுப்பெற்றது.

வேலியுடன் இணையும் வழிகள்

ஜப்பானின் ஷிங்கான்சென் அதிவேகப் பாதையில் சாலைக் குறுக்கீடுகளே இல்லை. பாதை முழுவதும் மேம்பாலம், சுரங்கம், வேலி ஆகியவற்றால் பிரிக்கப்பட்டுள்ளது. 1964இல் அதற்கெனத் தனித் தண்டனைச் சட்டமும் இயற்றப்பட்டது. முழுமையான தீர்வு இதுதான். ஆனால் புதிதாகப் போடும் பாதைக்கே இது எளிது.

ஏற்கெனவே ஊருக்குள் ஓடும் பாதைக்கு வேறு வழிகள் வேண்டும். மும்பை வடாலாவில் 2009–10 காலத்தில் நடந்த சோதனையில், வேகத்தைக் கண் சரியாகக் கணிக்க உதவும் வகையில் குறுக்குக்கட்டைகள் மஞ்சள் நிறத்தில் பூசப்பட்டன. நீண்ட ஒற்றை ஊதலுக்குப் பதில் இரு குறுகிய ஊதல்கள் எழுப்பப்பட்டன. ரயிலில் சிக்கவிருக்கும் மனிதனின் அச்சம் நிறைந்த முகம் படமாக வைக்கப்பட்டது. அங்கு இறப்புகள் வெகுவாகக் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. மக்கள் கடக்கத்தான் செய்வார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு வகுத்த முறை இது.

இந்த அனுபவங்களைத் தொகுத்துப் பார்த்தால் பணியின் வரிசை தெளிவாகும். மக்கள் எங்கே, எதற்காகக் கடக்கிறார்கள் என்று முதலில் அறிய வேண்டும். பின்னர் அந்த இடத்திலேயே, படியேற முடியாதவரும் பயன்படுத்தக்கூடிய சுரங்கப்பாதையோ சாய்தளம் கொண்ட நடைமேம்பாலமோ அமைக்க வேண்டும். அதன் இருபுறமும், மக்களை அந்த வழிக்குத் திருப்பும் அளவுக்கு நீளமான வேலி போட வேண்டும். உடையும் வேலியை உடனுக்குடன் சீர்செய்ய ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். இவற்றில் மற்ற மூன்றும் இல்லாமல் வேலியை மட்டும் எழுப்பினால், சில மாதங்களில் அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை, மக்களுக்கு வழி தேவைப்படும் இடம் எது என்பதையும் காட்டிக்கொடுக்கும்.