ஏணிக்கு நீளும் கால்

சென்ற பொங்கலுக்கு முன் எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஒரு முதியவர் வந்திருந்தார். கொல்லைப்புறத்துத் தரை சரிவானது. ஏணியின் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. "ஐயா, ஒரு செங்கல் இருந்தாக் குடுங்க" என்றார். கொடுத்தேன். கால்மணி நேரத்தில் செங்கல் புரண்டது; அவருடைய கை முறிந்தது. இரண்டு மாதம் வேலையின்றிக் கிடந்தார். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு க்ஷேத்திர கணிதம் போதித்து வரும் நான்தான் அந்தச் செங்கல்லைக் கொடுத்தவன்!

கணக்கோ மிகவும் எளிது. ஏணிக் கால்களுக்கு இடையே 18 அங்குலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கால் 3 அங்குலம் தாழ்ந்தால், 15 அடி ஏணியின் உச்சி ஏறக்குறைய இரண்டரை அடி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். கீழே நாலு விரற்கடைப் பிசகு, மேலே பிராணாபாயம்.

இதற்குப் பரிகாரமாக, அலுமினிய ஏணிகளில் பொருத்துவதற்கென்றே நீளும் கால்கள் செய்கிறார்கள். ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய். வேண்டிய அளவு இழுத்து, துவாரத்தில் முளையைச் செருகிவிட்டால் அசையாது. அடியில் ரப்பர் பாதம் உண்டு. பள்ளத்துப் பக்கத்துக் காலை நீட்டி, ஏணிப்படியின்மேல் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். படி மட்டமானால் ஏணியும் சாயாது. பிறகு முளை சரியாக விழுந்திருக்கிறதா என்று சோதித்து, முதற்படியில் நின்று பார்த்த பின்னரே மேலே ஏறலாம். ஆள் ஏணிமீது இருக்கும்போது காலை நீட்டவோ சுருக்கவோ கூடாது.

எனினும், இக்கருவி சர்வரோக நிவாரணி அன்று. சேற்றில் கால் புதைவதை அது தடுக்காது. ஏணி 12 அடி உயரத்தில் சுவரைத் தொட்டால், அதன் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும் என்ற விதியும் மாறாது.

மூங்கில் ஏணி வைத்திருப்போர் என்ன செய்வது? பள்ளத்தில் கல்லை அடுக்காதீர்கள். மேட்டுப் பக்கத்து மண்ணை மண்வெட்டியால் சீவி மட்டமாக்குங்கள். செலவு ஒன்றுமில்லை.

அந்தப் பெரியவர் இந்தப் பொங்கலுக்கும் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். நேற்றுக் காலையில் நானே மண்வெட்டி எடுத்துக் கொல்லையைச் சமன் செய்து முடித்தேன்.